பிரேக்கை மிதித்தால் இறங்கும் டீசல் முள்

எங்கள் பழைய டீசல் பிக்கப்புக்கு இரண்டு வியாதிகள் இருந்தன. பங்கில் நின்றால் நாசில் நொடிக்கொரு தரம் ‘டக்’ என்று நின்றுகொள்ளும். பையன் பொறுமையாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், பின்னால் நிற்கும் வண்டிக்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். ஒருவழியாக நிரப்பிக்கொண்டு கிளம்பினால் டீசல் முள் முக்காலுக்கு மேல் ஏறாது. ஏறிய முள்ளும் சொன்ன சொல்லில் நிற்காது. ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து காப்பிக்கொட்டையையும் மிளகையும் சேலத்துக்கு இறக்குவது, திரும்பும்போது உரமோ சிமென்ட்டோ ஏற்றி வருவது, இதுதான் வண்டியின் பிழைப்பு. 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதையில் டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் பாரத்தோடு ஏறுவது எனக்குப் பிடிக்கவில்லை.

சேலத்தில் எந்தப் பட்டறையில் காட்டினாலும் ஒரே மருந்துதான். “டேங்க் யூனிட் போய்விட்டது, மாற்றிவிடுங்கள்.” மாற்றிவிடலாம். ஆனால் யூனிட் கெட்டால் நாசில் ஏன் நிற்க வேண்டும் என்று கேட்டால் பதில் இல்லை. அதனால் பணத்தை எடுக்கும் முன், மின்தடையை ஓமிலும் மின்னழுத்தத்தை வோல்ட்டிலும் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன்.

முதலில், டீசல் அளவை முள்ளுக்குச் சொல்லும் இந்த டேங்க் யூனிட் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். டேங்கின் மேல்பக்கத்தில் ஒரு வட்டத் தட்டு திருகப்பட்டிருக்கும். அதிலிருந்து உள்ளே தொங்கும் கம்பியின் முனையில் மிதவை. டீசல் ஏறினால் மிதவை ஏறும். கம்பியின் மறுமுனை ஒரு மின்தடைச் சுற்றின் மேல் உரசியபடி நகரும். எங்கள் வண்டியில் டேங்க் காலியானால் தடை அதிகம், நிரம்பினால் குறைவு. எல்லா வண்டியும் இப்படி அல்ல, தலைகீழாக அமைத்தவையும் உண்டு. துளை பொருந்துகிறதே என்று வேறு வண்டியின் யூனிட்டை வாங்கி மாட்டினால், நிரப்ப நிரப்ப முள் காலியைக் காட்டும் வேடிக்கையும் நடக்கும்.

டாஷ்போர்டில் உள்ள மானி பழைய வகை. மின்சாரம் ஓடும்போது சூடாகி வளையும் ஈருலோகப் பட்டைதான் முள்ளைத் தள்ளுகிறது. சாவியைத் திருப்பியதும் முள் துள்ளி எழாமல் சோம்பேறித்தனமாக எழுந்து வந்தால் அது இந்த வகை என்று தெரிந்துகொள்ளலாம். இந்தச் சோம்பலுக்கு ஒரு காரணம் உண்டு. குலுங்கும் டீசலின் ஒவ்வோர் அலைக்கும் முள் ஆடாமல் இருக்கத்தான் அப்படி. பழுது பார்க்கும்போது இந்தக் குணத்தை மறக்கக் கூடாது.

எங்கள் டிரைவர் தம்பி கவனமான ஆள். “மலை இறங்கும்போதுதான் அண்ணா முள் ரொம்ப விழுகிறது. டீசல் எல்லாம் முன்பக்கம் போய்விடுகிறதல்லவா?” என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால், யூனிட் இருப்பது டேங்கின் முன்முனையில். இறக்கத்தில் டீசல் முன்னால் வந்தால் மிதவை உயர வேண்டும், முள்ளும் ஏற வேண்டும். ஏற்றத்தில் டீசல் பின்னால் ஒதுங்கும், முள் குறைய வேண்டும். எங்கள் முள் ஏற்றத்திலும் குறைந்தது, இறக்கத்திலும் குறைந்தது. முதல் பாதி சரி. இரண்டாவது பாதிக்கு டீசல் பொறுப்பல்ல.

அப்படியானால் இறக்கத்தில் வேறு என்ன நடக்கிறது? கால் பிரேக்கில் இருக்கிறது.

வண்டியைக் களத்தில் சமதரையில் நிறுத்தினோம். இன்ஜின் ஓடவில்லை, சாவி மட்டும் திருப்பப்பட்டிருந்தது. முள் முக்காலில் வந்து நிலைக்கும்வரை காத்திருந்தோம். பிறகு தம்பி பிரேக்கை மிதித்தார். முதலில் ஒன்றுமில்லை. அதன்பின் முள் மெல்ல நழுவத் தொடங்கியது. காலை எடுக்காமல் இருக்க, நழுவி நழுவிப் பாதிக்கோட்டில் வந்து உட்கார்ந்தது. காலை எடுத்ததும் அதே நிதானத்தோடு ஏறிப் பழைய இடத்துக்குப் போனது. வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை, டேங்கில் ஒரு துளி அசையவில்லை. பார்க் விளக்கைப் போட்டாலும் முள் கொஞ்சம் இறங்கியது. ஊருக்குள் ஓட்டும்போது இது ஏன் தெரியவில்லை என்பதற்கும் அந்தச் சோம்பல்தான் விடை. சிக்னலுக்குச் சிக்னல் இரண்டு விநாடி மிதிக்கும் பிரேக், பட்டை ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது. மலைப்பாதையில் ‘60 அடி பாலம்’ என்ற இடத்தைத் தாண்டி அடிவாரம் வரைக்கும் மிதித்துக்கொண்டே வருகிறோம்.

இத்தனைக்கும் பக்கத்தில் இருந்த, இன்ஜின் சூட்டைக் காட்டும் வெப்ப முள் அசையவே இல்லை. இது முக்கியமான தடயம். டாஷ்போர்டுக்குள் இருக்கும் மின்னழுத்தச் சீராக்கிதான் இரண்டு மானிகளுக்கும் மின்சாரம் கொடுக்கிறது. அது கெட்டிருந்தால் இரண்டு முட்களும் சேர்ந்து ஆடும். ஒன்று மட்டும் ஆடினால் டாஷ்போர்டைக் கழற்ற வேண்டியதில்லை. வண்டியின் பின்பக்கத்துக்குப் போகலாம்.

யூனிட்டின் ஒயரை இணைப்பில் கழற்றினேன், முள் காலிக்கு விழுந்தது. அந்த ஒயரை ஒரு 3.4 வாட் பல்ப் வழியாகச் சேசிஸில், அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தில் தொட்டேன், பல்ப் எரிந்தது, முள் ஏறியது. ஆக மானியும் ஒயரும் நன்றாகவே இருக்கின்றன. பல்ப் எதற்கு என்றால், நேராகச் சேசிஸில் தொட்டு அப்படியே வைத்திருந்தால் இந்த வகை மானியின் உள்சுற்று கருகிவிடக்கூடும். பலரும் ஒயரைப் பிடுங்கி பாடியில் உரசித்தான் பார்க்கிறார்கள். ஒரு பல்ப் விலைக்கு ஒரு மானியைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

மீதி இருப்பது எர்த், அதாவது மின்சாரம் சேசிஸ் வழியாகப் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு. சேலம் அஸ்தம்பட்டிப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். நடந்ததைப் போனில் சொன்னதும், “ஓமில் வைத்து அளக்காதே கண்ணு. விளக்கு எரியும்போது வோல்ட்டில் அள” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கடையில் ஆள் நின்றிருக்க வேண்டும்.

அவர் சொன்னதன் அருமை அளந்தபோதுதான் புரிந்தது. யூனிட்டின் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே ஓமில் வைத்தால் அரை ஓம்கூட இல்லை. சரியாக இருக்கிறது என்று யாரும் விட்டுவிடுவார்கள். மீட்டரை வோல்ட்டுக்கு மாற்றி, சிவப்பு முனையை யூனிட் எர்த்திலும் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்து, தம்பியைப் பிரேக் மிதிக்கச் சொன்னேன். 1.4 வோல்ட். நல்ல எர்த்தில் இது 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

கணக்கு எளிது. இரண்டு பிரேக் பல்ப், தலா 21 வாட். 12 வோல்ட்டில் 3.5 ஆம்பியர். அந்த மின்சாரம் துருப்பிடித்த 0.4 ஓம் இணைப்பின் வழியாகத் திரும்பினால் அங்கே 1.4 வோல்ட் தேங்கும். பின்விளக்குகளின் எர்த்தும் டேங்க் யூனிட்டின் எர்த்தும் ஒரே போல்ட்டில் சேர்கின்றன. விளக்கு எரியும்போதெல்லாம் யூனிட்டின் ‘பூஜ்யம்’ பூஜ்யமாக இல்லை. மானிக்குள் ஓடும் மின்சாரம் அந்த அளவுக்குக் குறைகிறது, பட்டை ஆறுகிறது, முள் இறங்குகிறது. பிரேக் விளக்குகள் மங்கலாக எரிந்ததற்கும் இதுவே காரணம். அதை வண்டியின் வயசு என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தோம்.

போல்ட், இடது சேசிஸ் சட்டத்தில், பின்சக்கரம் வாரியிறைக்கும் செம்மண் நேராக வந்து அடிக்கும் இடத்தில் இருந்தது. யாரோ எப்போதோ சேசிஸுக்குப் பெயின்ட் அடித்தபோது அந்த முனைகளின் மேலேயே அடித்திருக்கிறார்கள். கழற்றினால் வளையமுனைகளின் நடுவே பச்சைக் களிம்பும் துருத்தூளும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து இரும்பு பளபளக்கும்வரை சுரண்டினேன். ஒயர்களில் புது முனைகளை நசுக்கிப் பொருத்தி (கிரிம்ப் செய்து), பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். இறுக்கிய பிறகுதான் கிரீஸ். யூனிட்டுக்கு மட்டும் தனியாக ஓர் எர்த் ஒயரை முன்பக்கம் இழுத்துவிட்டேன். இப்போது பிரேக் மிதித்தால் 0.05 வோல்ட். முள் அசையவில்லை.

ஆனாலும் அசையாத அந்த முள் முக்காலுக்கு மேல் ஏறவில்லை.

அடுத்த கேள்வி எளியது. முள் பொய் சொல்கிறதா, அல்லது டேங்க் உண்மையிலேயே முக்கால்தான் நிரம்புகிறதா? கையேட்டின்படி டேங்க் 60 லிட்டர். அளந்து ஊற்றினால் தெரிந்துவிடும். பங்குகளில் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக்குடுவை ஒன்று வைத்திருப்பார்கள். வாடிக்கையாளர் சந்தேகம் கேட்டால் அதில் அளந்து காட்ட வேண்டும் என்பது விதி. எங்கள் கேனில் 5 லிட்டர் எங்கே வருகிறது என்று அந்தக் குடுவையை வைத்துக் கோடு போட்டுக்கொண்டோம்.

டேங்கின் அடியில் உள்ள வடிகால் போல்ட்டைத் திறந்து முழுவதையும் வடித்தோம். திறக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டோம், பீடி குடிப்பவர்களைக் களத்தின் மறுமுனைக்கு அனுப்பினோம். டீசல் பெட்ரோல்போல் சட்டென்று பற்றாது என்றாலும் சலுகை அவ்வளவுதான். பெட்ரோல் வண்டியில் இந்த வேலையை வீட்டு வாசலில் செய்யவே வேண்டாம். வடிந்து வந்ததில் கடைசி அரை லிட்டர் கறுத்த மண்டியும், அடியில் உருண்டு திரியும் தண்ணீர் முத்துக்களுமாக இருந்தது. மலைக்குளிரில் அரைகுறையாக நிரம்பிய டேங்குக்குள் காற்றின் ஈரம் படிந்து இறங்குவது வழக்கம்தான். தெளியவைத்துத் துணியில் வடிகட்டி மேலே இருந்ததை மட்டும் வைத்துக்கொண்டோம்.

பிறகு ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் யூனிட்டின் தடையை அளந்து சுவரில் கரியால் எழுதினேன். காலியில் 112 ஓம். முதல் 5 லிட்டருக்கு எண் மாறவில்லை. மிதவை தரையிலிருந்து எழும்பவே அந்த அளவு தேவைப்படுகிறது. 10 லிட்டரில் 98, 20இல் 74, 30இல் 52, 40இல் 33. எங்கும் தாவல் இல்லை, வழுக்கிக்கொண்டு இறங்கும் எண்கள். யூனிட் தேய்ந்திருந்தால் இங்கே ஓரிடத்தில் எண் திடீரென்று எகிறியிருக்கும் அல்லது காணாமலே போயிருக்கும். மிதவை ஓட்டையாகி உள்ளே டீசல் புகுந்திருந்தால், தாவல் இல்லாமல் எல்லா அளவும் குறைவாகவே காட்டியிருக்கும். 30 லிட்டருக்கு முள் பாதியில் நின்றது. எல்லாப் பட்டறைகளும் மாற்றச் சொன்ன அந்த யூனிட்டின் ஒரு திருகைக்கூட நான் தொடவில்லை.

45 லிட்டரில் 24 ஓம், முள் முக்காலுக்குச் சற்று மேல். அடுத்த கேனைச் சாய்த்ததும் புனல் கொப்பளித்தது. ஒரு லிட்டர் போயிருக்கும், டீசல் கழுத்துவரை வந்து நின்றுவிட்டது. 60 லிட்டர் டேங்க் 46இல் ‘நிரம்பி’விட்டது. முள் இத்தனை நாளும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

எங்கள் வண்டியில் நிரப்பும் குழாய் டேங்கின் பக்கவாட்டில், உச்சிக்குக் கொஞ்சம் கீழே நுழைகிறது. உச்சியிலிருந்து ஒரு சின்னக் குழாய் நிரப்பும் வாய்க்குத் திரும்பி வரும், அதுதான் பிரீத்தர். டீசல் உள்ளே போகப்போகக் காற்று அதன் வழியாக வெளியே வர வேண்டும். அது அடைத்துக்கொண்டால், டீசல் நுழைவாயைத் தொட்டதும் அதற்கு மேலே உள்ள காற்றுக்குப் போக வழியில்லை. டீசல் கழுத்தில் எதிர்த்து ஏறும். நாசிலின் நுனியில் ஒரு சிறு துளை உண்டு. டீசல் ஓடும்போது அதன் வழியே காற்று உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும். அந்தத் துளையை டீசல் மூடினால் உள்ளே வெற்றிடம் ஏற்பட்டு விசை விழுந்து டீசல் நின்றுவிடும். டேங்க் நிரம்பியதா என்பது நாசிலுக்குத் தெரியாது, தன் மூக்கு நனைந்ததா என்பது மட்டும்தான் தெரியும். பங்குப் பையன்களை நாம் திட்டியதெல்லாம் வீண்.

இன்னொரு புகாரும் இதில் வந்து சேர்ந்தது. சேலத்தில் ‘முழு டேங்க்’ போட்டுக்கொண்டு மலையேறினால், பாதி மலைக்கு மேல் டீசல் வாடை அடிக்கும். மூடிக்குக் கீழே ஈரக்கோடு இறங்கியிருக்கும். சேலம் 300 மீட்டருக்கும் குறைவான உயரம், ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர். இந்த ஏற்றத்தில் காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. கீழேயிருந்து வரும் சிப்ஸ் பாக்கெட்டுகள் ஏற்காட்டுக் கடைகளில் உப்பிக்கொண்டு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். டேங்கின் உச்சியில் சிறைப்பட்ட 14 லிட்டர் காற்றும் அப்படித்தான் உப்புகிறது, டீசலைக் கழுத்துக்குத் தள்ளுகிறது. வளைவுகளில் குலுங்கும்போது மூடியின் ஓரமாக வழிகிறது.

இடது பின்சக்கரத்துக்கு மேலே உள்ள மட்கார்டைக் கழற்றினால் இரண்டு குழாய்களும் கைக்கு எட்டின. பெரியது நன்றாக இருந்தது. பிரீத்தர் வெளியே பார்க்கச் சுத்தமாக, வெடிப்பு ஒன்றும் இல்லாமல் இருந்தது. கழற்றி வாயில் வைத்து ஊதினேன், கன்னம் வலித்ததுதான் மிச்சம். கத்தியால் நீளவாக்கில் கிழித்துப் பார்த்தபோது உள்சுவர் ஊறி, வீங்கி, கறுத்த களிபோலப் பிசுபிசுத்தது. நடுவில் மீதமிருந்த வழியில் பென்சில் முள் நுழைந்தால் அதிகம். வண்டி எங்களிடம் வரும் முன்பே யாரோ தண்ணீருக்குப் போடும் ரப்பர் குழாயை வெட்டி மாட்டியிருக்கிறார்கள். சாதாரண ரப்பர் டீசலில் ஊறி வீங்கும். எண்ணெய்க்குத் தாங்கும் நைட்ரைல் ரப்பர்தான் இங்கே வேண்டும். நீளமும் தேவைக்கு மேல் இருந்ததால் நடுவில் தொட்டில்போல் தொங்கியிருந்தது. வீங்காத குழாயானாலும் அந்தத் தொங்கலில் டீசல் தேங்கிக் காற்றை மறித்திருக்கும்.

சேலத்தில் உதிரிபாகக் கடையில் கேட்டால் முதலில் எடுத்துக் காட்டியது மறுபடியும் தண்ணீர்க் குழாய்தான். “டீசலுக்கு” என்று அழுத்திச் சொன்ன பிறகே உள்ளேயிருந்து வேறு சுருள் வந்தது. வெளிப்பக்கத்தில் எரிபொருளுக்கு உரியது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பழைய குழாயின் உள்விட்டத்தை வைத்து வாங்கக் கூடாது, வீங்கிய குழாய் தப்பான அளவு சொல்லும். டேங்கில் உள்ள இரும்பு மூக்கை அளந்து அதற்குப் பொருந்துவதை வாங்க வேண்டும். டேங்கிலிருந்து வாய்வரை தொங்கல் இல்லாமல் ஏறிக்கொண்டே போகும்படி வெட்டி, இரண்டு முனையிலும் கிளிப் போட்டு, நடுவில் ஒரு பட்டையால் பாடியோடு கட்டினேன். இரும்பு மூக்கை ஒரு கம்பியால் குத்திப் பார்த்தேன், திறந்தே இருந்தது. சில வண்டிகளில் திறந்த பிரீத்தர் வாய்களில் குளவி மண்கூடு கட்டிவிடும், அதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

மீதிக் கேன்களையும் ஊற்றினோம். கொப்பளிப்பு இல்லை, சீராக இறங்கியது. 57 லிட்டரில் நிறுத்தினேன். 5 ஓம், முள் நிறைவுக்கோட்டில். விளிம்புவரை அடைக்க வேண்டியதில்லை, சூட்டில் டீசல் விரிய இடம் வேண்டும். டேங்கைக் காலி செய்ததால் டீசல் குழாயில் காற்று ஏறியிருந்தது. ஃபில்டர் மேல் உள்ள கை பம்ப்பை அழுத்தி, காற்றுத் திருகைத் தளர்த்தி, நுரை போய்த் தெளிந்த டீசல் வரும்வரை விட்டு இறுக்கிய பிறகு இன்ஜின் பிடித்தது. பங்கில் பிறகு நிரப்பியபோது நாசிலை முழுவேகத்தில் வைத்துவிட்டுப் பையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். முடியும்போது ஒரே ஒரு ‘டக்’. புதுக் குழாய், இரண்டு கிளிப், வளையமுனைகள் எல்லாம் சேர்த்தும் புது யூனிட் விலையில் கால்பங்கு ஆகவில்லை.

சுவரில் எழுதிய கணக்கை ஓர் அட்டையில் எழுதி வெயில் மறைப்பின் பின்புறம் ஒட்டியிருக்கிறோம்: முள் எந்தக் கோட்டில் இருந்தால் எத்தனை லிட்டர் என்று. அது சமதரைக் கணக்கு. ஏற்றத்தில் முள் குறைந்துதான் காட்டும், இறக்கத்தில் கூடித்தான் காட்டும்; அதை எந்த எர்த்தாலும் திருத்த முடியாது. உறிஞ்சு குழாயும் முன்பக்கமே இருப்பதால் ஏற்றத்தில் டீசல் பின்னால் ஒதுங்கினால் அது காற்றை இழுக்கும். ஆகவே 15 லிட்டருக்குக் கீழே இருந்தால் அடிவாரத்தைத் தாண்டுவதில்லை என்று தம்பியே ஒரு கோடு போட்டுவிட்டார்.

வாடை இன்னும் முழுதாகப் போகவில்லை. மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து தட்டையாகிவிட்டது. கடையில் வளையம் மட்டும் தனியாகக் கிடைப்பதில்லை, மூடியோடுதான் வாங்க வேண்டுமாம். இடது பின்விளக்கின் ஹோல்டரிலும் துரு தெரிகிறது. காப்பி பறிப்பு முடிந்து வண்டிக்கு ஓய்வு கிடைக்கும்போது இரண்டையும் பார்க்க வேண்டும்.